மருத்துவச்சி இல்லாத மருந்து

(பேறுகால வீட்டு மருந்துகள் பற்றித் தாய்மார் கூட்டமொன்றில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கருவைத் தாங்கிய நிலைக்குச் சூல் என்பது பெயர். சூலுற்றவள் உள்ளத்தே எழும் வேட்கைப் பெருக்கத்திற்கு வயா என்பது பெயர். ஈன்று சில நாளே ஆன அணிமை நிலைக்குப் புனிறு என்பது பெயர். பின்னைய இரண்டினையும் தொல்காப்பியர் உரியியலில் வைத்துப் பொருள் கூறியுள்ளார். நெற்பயிர்க்கும் சூல் உண்டு. நீர்கொண்ட முகிலுக்கும் சூல் உண்டு என வழங்கியது தமிழ். ஒரு நிலைக்கென்று ஒரு தனிச்சொல் அமைந்திருக்குமாயின், அந்நிலையை அம்மக்கள் அருகிருந்து கூர்ந்து நோக்கியுள்ளனர் என்பதே அதன் பொருள்.

அத்தகைய மக்களின் வீடுகளில் இன்றும் ஒரு காட்சி நடைபெறுகின்றது. பத்தாம் திங்கள் பிறந்துவிட்டது. மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளும் கடந்துவிட்டது. வலி வந்தபாடில்லை. மாமியார் ஒரு குடிநீரின் பெயரைச் சொல்கிறார். அண்டை வீட்டு அத்தை விளக்கெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வருகிறார். வெளியூரிலுள்ள நாத்தனார் கைப்பேசியில் ஒரு பச்சிலையின் படத்தை அனுப்புகிறார். சூல்மகளோ எதைக் குடிப்பது, எதை மறுப்பது என்று அறியாமல் திகைக்கிறாள்.

இவ்விடத்தே இருவகைக் கூட்டத்தார் எழுகின்றனர். முன்னோர் சொன்னவை யாவும் மெய்யே என்பார் ஒரு சாரார். பாட்டிமார் சொன்னவை யாவும் பொய்யே என்பார் மற்றொரு சாரார். இருவரும் ஆராயாது பேசுவோரே. யார் சொன்னாலும் மெய்ப்பொருள் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் வகுத்த நெறி. யார்யார் என்பதில் பாட்டியும் அடங்குவார். பட்டம் பெற்ற மருத்துவரும் அடங்குவார்.

அவ் வள்ளுவரே மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்றார். நோயுற்றவர் ஒருவர், தீர்க்கும் மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிருந்து பேணுவார் ஒருவர். இந்நான்கும் கூடினாலன்றி மருத்துவம் நிறைவுறாது. இன்று வீடுகளில் வழங்கும் பேறுகால மருந்துகளை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நாட்கணக்கு

முதற்கண் நாளைக் கணக்கிடுவோம். கடைசியாக விலக்கான முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 கிழமை என்பது பேறுகாலக் கணக்கு. ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவு வரை ஏறத்தாழ 29½ நாள். 280 நாளை அதனால் வகுத்தால் ஒன்பதரை நிலவு ஆகும். பத்தாம் நிலவில் குழந்தை பிறக்கின்றது. பத்துத் திங்கள் சுமந்தாள் என்னும் வழக்கு நிலவை நோக்கி வாழ்ந்தோரின் கணக்கு, அதில் பிழையில்லை.

ஆனால் 280 என்பது நடுவளவேயன்றி ஆணையன்று. மருத்துவர் குறித்த அந்த ஒரே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றில் நான்கைந்தே. 37 கிழமை நிறைந்த பின்னும் 42 கிழமை நிறையும் முன்னும் பிறக்கும் குழந்தை நிறைநாட் குழந்தையே. தலைச்சன் குழந்தை குறித்த நாளைக் கடந்து வருதல் பெரும்பான்மை. விலக்கு நாள் முறையின்றி வருவோர்க்குக் கணக்கே தவறியிருக்கவும் கூடும். அவர்க்குத் தொடக்கத் திங்கள்களில் எடுத்த ஊடுகதிரில்லா ஒலியலைப் படமே நம்பத்தக்க அளவு. எனவே நாள் கடந்தது என்று வீடு பதறும்போது, மெய்யாகவே கடந்ததா என்பதே முதல் வினாவாக வேண்டும். 37 கிழமை நிறையாத கருவை மருந்திட்டு வெளிப்படுத்துவது, பால் பிடிக்காத கதிரை அறுப்பதையொக்கும்.

மற்றொரு புறமும் உண்டு. 41 கிழமை கடந்த பின் வாளா இருத்தலும் நன்றன்று. சுவீடன் நாட்டில் 2,760 தாய்மாரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு 2019-ஆம் ஆண்டு வெளியாயிற்று. 41 கிழமையில் வலி வருவிக்கப்பெற்றோர் பகுதியில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. 42 கிழமை வரை காத்திருந்தோர் பகுதியில் 6 குழந்தைகள் இறந்தன. அதனால் ஆய்வே இடையில் நிறுத்தப்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனமும் 41 கிழமை கடந்தோர்க்கு வலி வருவித்தலைப் பரிந்துரைக்கின்றது. ஆகவே வலி வருவித்தல் என்பது தீச்செயலன்று. எப்பொழுது, எதனால், யார் முன்னிலையில் என்பனவே வினாக்கள்.

வலி எவ்வாறு பிறக்கின்றது?

கருப்பையின் வாய் பத்துத் திங்களும் இறுக மூடியிருப்பது. தொட்டுப் பார்த்தால் மூக்கு நுனிபோல் கட்டியாக இருக்கும் என்பர் மருத்துவர். பேறு நெருங்கும்போது அஃது உதடுபோல் மென்மையாகி, சுருங்கி, திறக்கத் தொடங்குகின்றது. இதனைக் கனிதல் என்னலாம். கனிவிப்பது புராசுட்டாகிளாண்டின் என்னும் உடற்சாறு. கனிந்த பின் கருப்பையைச் சுருக்கிச் சுருக்கிக் குழந்தையைக் கீழிறக்குவது ஆக்சிடோசின் என்னும் சுரப்பு. ஆக்சிடோசின் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு விரைந்த பேறு என்பது பொருள். ஆங்கிலேய அறிஞர் என்றி டேல் 1906-இல் மூளையடிச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருக்குவதைக் கண்டார். அமெரிக்கரான வின்சென்ட் து விக்னோ 1953-இல் ஆக்சிடோசினைச் செயற்கையாக ஆக்கினார்; 1955-இல் நோபல் பரிசு பெற்றார். பிறந்த சேய் மார்பில் வாய் வைத்தவுடன் தாய்க்குச் சுரப்பதும் இதுவே. பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பதைப் பெற்றவர் அறிவர். கருப்பை சுருங்கிக் குருதிப் பெருக்கு அடங்குவதன் அடையாளம் அது.

இதிலிருந்து ஓருண்மை விளங்கும். கனியாத கருப்பை வாயை எம்மருந்தும் எளிதில் திறவாது. காயை உலுக்கினால் கிளைதான் முறியும். மருத்துவமனையிலும் முதலில் வாய் கனிந்துள்ளதா என்று பார்த்து, கனியாதிருப்பின் அதனைக் கனிவித்த பிறகே வலி மருந்தைத் தொடங்குகின்றனர்.

விளக்கெண்ணெய்

வீட்டு மருந்துகளுள் தலையாயது விளக்கெண்ணெய். ஆமணக்கு விதையில் கொடிய நஞ்சுண்டு. வறுத்து இடித்துக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயில் அந்நஞ்சு தங்குவதில்லை. அந்த எண்ணெய் குடலைக் கலக்கிக் கழிச்சலை உண்டாக்கும். குடல் கலங்கினால் அருகிலுள்ள கருப்பையும் கலங்கும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2012-இல் செருமானிய ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து மற்றொன்றைக் கண்டனர். விளக்கெண்ணெயிலிருந்து உடலுள் பிரியும் ஒருவகைக் கொழுப்புப் புளியம், புராசுட்டாகிளாண்டின் திறக்கும் பூட்டுகளுள் ஒன்றையே திறக்கின்றது. குடலிலும் அப்பூட்டு உண்டு, கருப்பையிலும் உண்டு. ஆகவே பாட்டியின் கிண்ணத்தில் இருந்தது வெறும் நம்பிக்கையன்று. அதில் ஒரு திறவுகோல் இருக்கத்தான் செய்தது.

அத்திறவுகோல் பூட்டை ஒழுங்காகத் திறக்கின்றதா என்பது வேறு வினா. தாய்லாந்து–பர்மிய எல்லையில் ஏதிலியர் முகாமில் 40 கிழமை கடந்த 612 தாய்மாரைப் பற்றிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அவருள் 205 பேர் விளக்கெண்ணெய் குடித்தவர். 407 பேர் குடியாதவர். இரு பகுதியினர்க்கும் குழந்தை பிறந்த காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. மூன்று ஆய்வுகளில் இடம்பெற்ற 233 தாய்மாரின் முடிவுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டு மதிப்பீடு, குடித்தவர் அனைவர்க்கும் குமட்டல் உண்டாயிற்று என்றும், அறுவை குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் கூறிற்று. முன்பே குழந்தை பெற்றவர்க்குச் சிறிது பயன் தெரிவதாகச் சொல்லும் சிற்றாய்வுகளும் உள. பயன் ஐயத்திற்குரியது, குமட்டலும் கழிச்சலும் உறுதி. வலி தாங்கவேண்டிய நாளில் உடல் நீர்வற்றித் துவண்டு கிடப்பது எத்துணைக் கேடு!

இன்னும் ஒன்று மிக இன்றியமையாதது. கருப்பை சுருங்கும்போது குழந்தைக்குச் செல்லும் குருதி தடைப்படும். தளரும்போது மீண்டும் பாயும். சுருக்கத்திற்கும் சுருக்கத்திற்கும் இடையிலுள்ள ஓய்வே குழந்தையின் மூச்சு. பத்து மணித்துளியில் ஐந்துக்கு மேற்பட்ட சுருக்கம் வருமாயின் குழந்தை திணறும். மருத்துவமனையில் ஆக்சிடோசின் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படுகிறது; குழந்தையின் நெஞ்சத்துடிப்பு கேட்கப்படுகிறது; துடிப்புக் குறைந்தால் குழாய் உடனே அடைக்கப்படுகிறது. விழுங்கிய எண்ணெயை அடைக்கும் குழாய் எங்கே உள்ளது? மருந்து இயற்கையா செயற்கையா என்பதன்று வேறுபாடு. நிறுத்த இயல்வதா, இயலாததா என்பதே வேறுபாடு. முன்பு வயிற்றை அறுத்துக் குழந்தை எடுக்கப்பெற்ற தாய்க்கு இது பன்மடங்கு பெரிது. கருப்பையின் பழைய தையல் மிகைச் சுருக்கத்தால் பிளந்துபோகக் கூடும். அத்தகையோர் விளக்கெண்ணெயைத் தொடவே கூடாது.

சீரகக் குடிநீர்

இதற்கு மாறாகச் சீரகக் குடிநீரைக் காண்க. அடிவயிறு வலிக்கின்றது என்று சூல்மகள் சொன்னவுடன் சீரகத்தை வறுத்து, நீர்விட்டுக் காய்ச்சி, கருப்பட்டி சேர்த்துக் கொடுப்பது தமிழக ஊர்ப்புற வழக்கம். இது வலியை வருவிக்கும் மருந்து என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் மூத்த பெண்டிர் இதைக் கொடுத்தது ஓர் ஆய்வாகவே. குடித்த பின் வலி அடங்கினால் அது சூட்டுவலி, அதாவது பொய்வலி. அடங்காது மேன்மேலும் வந்தால் அது மெய்வலி. இதில் நுண்ணிய அறிவு அடங்கியிருக்கின்றது. உடலில் நீர் குறைந்தால் பொய்வலி மிகும்; நீர் பருகி ஓய்வெடுத்தால் தணியும் என்பது இன்றைய மருத்துவரும் ஒப்புவதே. வெதுவெதுப்பான இனிப்பு நீர் அதைத்தான் செய்கின்றது. மெய்வலியோ எதற்கும் அடங்காது. இடைவெளி குறைந்து, வலுவேறி, முதுகில் தோன்றி முன்னே சூழ்ந்து வரும்.

வலியை வருவிக்கக் கொடுப்பதும், வலியை அறியக் கொடுப்பதும் இருவேறு செயல்கள். அறியும் கருவியாக இருந்த சீரகக் குடிநீர், வருவிக்கும் மருந்து என்று திரிந்து பரவியது எவ்வாறு? குடிநீர் கைமாறியது, அதனைக் கொடுத்து நாடியைப் பிடித்து அருகில் அமர்ந்திருந்தவளின் அறிவு கைமாறவில்லை. சருக்கரை நோயுடைய சூல்மகள் மட்டும் கருப்பட்டியைத் தவிர்த்தல் வேண்டும்.

பழங்கள்

பப்பாளியைக் கண்டு சூல்மகளிர் அஞ்சுவதும், பத்தாம் திங்களில் அதையே தேடுவதும் வழக்கம். 2002-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் எலிகளில் ஆராய்ந்தனர். நன்கு கனிந்த பப்பாளி கருப்பையைச் சுருக்கவில்லை. காயிலுள்ள பால் சுருக்கியது. ஆகவே கனிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. காய்ப்பாலை மருந்தாக்குவதும் அறிவன்று. அன்னாசி வலியை வருவிக்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை.

பேரீச்சை இவற்றுள் தனித்து நிற்கின்றது. யோர்தான் நாட்டில் 2011-இல் வெளியான ஆய்வில், பேற்றுக்கு முந்திய நான்கு கிழமை நாளொன்றுக்கு 6 பேரீச்சம்பழம் உண்ட தாய்மாருள் நூற்றுக்கு 96 பேர்க்கு வலி தானாக வந்தது. உண்ணாதவருள் 79 பேர்க்கே தானாக வந்தது. பின்னர் மலேசியாவில் நிகழ்ந்த ஆய்வில் வலி தொடங்கும் காலத்தில் வேறுபாடு தெரியவில்லை. இடையில் வலி மருந்து ஏற்றவேண்டிய தேவை மட்டும் குறைந்தது. ஆய்வுகள் சிறியவை. எனினும் சருக்கரை நோயில்லாத தாய் நான்கைந்து பேரீச்சை உண்பதால் தீங்கில்லை. அது மருந்தாகாவிடினும் உணவாகும். நடத்தலும் அத்தகையதே, வலியை வருவிக்கும் என்பதற்கு வலுவான சான்றில்லை எனினும் உடலுக்கும் உள்ளத்திற்கும் நன்று.

காந்தளும் பெருமருந்தும்

இனி, தமிழர் நெஞ்சத்திற்கு மிக நெருங்கிய ஒரு மலரைப் பற்றிக் கடுஞ்சொல் கூறியாக வேண்டும். அது செங்காந்தள். சங்கப் புலவர் மகளிரின் விரலுக்கு உவமை கூறிய மலர். தமிழகத்தின் மாநில மலர். அதன் கிழங்கிற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் கண்வலிக் கிழங்கு என்றும் பெயர். பேறு எளிதாவதற்கு அக்கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சூழவும் உள்ளங்கை உள்ளங்கால்களிலும் பூசும் வழக்கம் நாட்டு மருத்துவத்தில் இருந்தது. உட்கொண்டால் என்னாகும்? அதிலுள்ள கோல்சிசின் என்னும் பொருள் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதையே தடுக்கும். சில மணி நேரத்தில் கடும் கக்கலும் கழிச்சலும் தொடங்கும், பின்னர்ச் சிறுநீரகமும் எலும்புச் சோறும் கெடும், உயிரும் போகும். அளந்து பிரித்தெடுத்த கோல்சிசின் மூட்டுவலிக்கு மருந்தாவது உண்மை. அதற்காகவே தமிழக உழவர் காந்தள் விதையை விளைத்து விற்கின்றனர். ஆலையில் அளந்தெடுத்தால் மருந்து. அம்மியில் அரைத்தால் நஞ்சு. காந்தளைப் பாட்டில் போற்றுக. பேறுகால அறைக்குள் நுழையவிடற்க.

மற்றொரு கொடிக்குத் தமிழில் பெருமருந்து என்றே பெயர். அதன் இனத்திற்கு மேலைநாட்டார் இட்ட பெயர் அரிசுட்டோலோக்கியா. கிரேக்க மொழியில் அதற்கு மிக நல்ல பேறு என்பது பொருள். கிரேக்கரும் அவ்வினச் செடிகளைப் பேறுகால மருந்தாகவே கொண்டனர். ஆனால் அவற்றிலுள்ள ஒருவகைப் புளியம் சிறுநீரகத்தை அழிப்பது, புற்றுநோயை உண்டாக்குவது என இன்று உறுதிப்பட்டுள்ளது. 1990-களின் தொடக்கத்தில் பெல்சியம் நாட்டில் உடல் இளைக்க இவ்வினச் செடி கலந்த மருந்துண்ட பெண்டிர் பலர் சிறுநீரகம் இழந்தனர். தமிழும் கிரேக்கமும் ஒருங்கே புகழ்ந்த பெயராயினும், பெயர் மருந்தாகாது, பழமை சான்றாகாது.

மேலைநாட்டுப் பாடம்

இத்தகைய பிழை கீழைநாட்டார்க்கே உரியது என்று எவரும் எண்ணற்க. 'ரை' என்னும் குளிர்நாட்டுக் கூலக் கதிரில் ஒரு கரும்பூஞ்சை பற்றும். எர்காட் என்பது அதன் பெயர். ஐரோப்பிய மருத்துவச்சியர் அதனை வலி வருவிக்கப் பயன்படுத்தினர். அமெரிக்காவில் நியூயார்க்கைச் சேர்ந்த சான் சிடீர்ன்சு என்னும் மருத்துவர் 1808-இல் அதனைப் பேற்றுத் தூள் என்று புகழ்ந்தெழுதினார். மருத்துவர்கள் அள்ளிக் கொடுத்தனர். 1820-களில் டேவிட் ஓசாக்கு என்னும் மருத்துவர், இறந்து பிறக்கும் குழந்தைகள் பெருகிவிட்டமையைச் சுட்டி, இதனைச் சாவுத் தூள் என்றே சொல்லவேண்டும் என்றார். குழந்தை பிறந்த பின் குருதிப் பெருக்கை நிறுத்த மட்டுமே பயன்படுத்துமாறு அறிவுறுத்தினார். 1935-இல் அதிலிருந்து எர்கோமெட்ரின் பிரித்தெடுக்கப்பட்டது. குழந்தை பிறந்த பின் குருதி வெள்ளமாய்ப் பெருகும் தாயைக் காக்கும் மருந்துகளுள் ஒன்றாக அது நிலைத்தது.

இதில் கற்க வேண்டியது யாது? நாட்டு மருந்தைத் தூக்கி எறியவில்லை, கண்மூடி ஏற்கவுமில்லை. இறந்த குழந்தைகளை எண்ணினர், அளவைக் கண்டனர், உரிய வேளையைக் கண்டனர். பேற்றுக்கு முன் கொலைகாரனாக இருந்த பொருள், பேற்றுக்குப் பின் காவலன் ஆயிற்று. தமிழ் மருத்துவமும் இவ்வாறு எண்ணிப் பார்த்து அளந்து வளர்தல் வேண்டும். தன் மருந்தை ஆராயவிடாமல் புகழ்ந்துகொண்டிருப்பவன் அம்மருந்திற்கு நண்பனல்லன்.

மருத்துவச்சி

பழைய ஊர்களில் மருந்தைக் கொடுத்தவள் யார்? மருத்துவச்சி. நூற்றுக்கணக்கான பேறு பார்த்த கை அவளுடையது. வயிற்றைத் தடவித் தலை எப்பக்கம் உள்ளது என்றறிவாள். கனிந்ததா என்றறிவாள். எதையும் கொடாது காத்திருக்கவும் அறிவாள். அவளிடம் குருதி ஏற்றும் கருவியில்லை. அறுவை செய்யும் கத்தியில்லை. ஆகவே தாய்மார் பலர் இறந்தனர் என்பதும் உண்மையே. ஆயினும் அவள் இருந்த வரையில் வள்ளுவர் சொன்ன நான்கு கூறுகளும் ஏதோ ஓரளவில் இருந்தன.

அவளுக்குத் தமிழ்க் குமுகாயம் செய்த கைம்மாறு யாது? பிறந்த குழந்தையை முதலில் ஏந்திய கையைத் தீண்டத்தகாத கை என்றது. தாழ்ந்த குலத்தாள் என்று திண்ணைக்கு வெளியே நிறுத்திற்று. படி நெல்லும் பழந்துணியும் கூலியாக வீசிற்று. எழுத்தறிவு கொடுக்கவில்லை. அவள் அறிவை எவரும் எழுதி வைக்கவில்லை. அவள் மறைந்தபோது அவ்வறிவும் உடன் மறைந்தது. எஞ்சியது எது? விளக்கெண்ணெய்க் கிண்ணம் மட்டுமே. இன்று கைப்பேசியில் வரும் குறிப்பு, மருத்துவச்சி இல்லாத மருந்து. நான்கில் மூன்றை இழந்த மருந்து. சாதி செய்த தீமைகளுள் இதுவும் ஒன்று என்று எழுதி வைத்துக் கொள்க.

கத்திக்கு அஞ்சுவோர்

தாய்மார் வீட்டு மருந்தை நாடுவதற்கு அறியாமை ஒன்றே கரணியமன்று, அச்சமும் கரணியம். நாட்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழகத்தில் நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. இது பெருமைக்குரியது. அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு 44.9 குழந்தைகள் அறுவையால் பிறந்தன. தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இவ்வெண்கள் நெருடுகின்றன. உள்ளே போனால் அறுத்துவிடுவார்கள் என்று அஞ்சி, போகும் முன் வலியை வருவித்துக்கொள்ள நினைக்கிறாள் தாய். அவளை ஏளனம் செய்தல் தகாது. அவள் அச்சத்தை நீக்கும் கடமை மருத்துவர்க்கு உண்டு.

எதற்காக அறுவை, காத்திருந்தால் என்ன, வலி வருவிக்க வேறு வழி உண்டா என்று கேட்க அவளுக்கு உரிமையுண்டு. அதற்கு அவள் அறிந்த மொழியில் விடை கிடைத்தல் வேண்டும். கருப்பை வாய், பனிக்குடம், நஞ்சுக்கொடி, இடுப்புவலி என்று பாமரரும் அறிந்த தமிழ்ச் சொற்கள் இருக்க, புரியாத மொழியில் இரண்டு சொல் உதிர்த்துவிட்டுக் கையொப்பம் கேட்பது முறையன்று. புரியாத விடை அச்சத்தை வளர்க்கும். அச்சம் கிண்ணத்தை நாடச் செய்யும். தாய்மொழியில் கூறும் ஒரு விளக்கம் ஓருயிரைக் காக்கும் என்பது மிகையன்று.

நல்ல நாள், நல்ல வேளை என்று கணியனைக் கேட்டு, அவ்வேளைக்கு வலியை வருவிக்கவோ வயிற்றை அறுக்கவோ துணியும் மடமையும் இங்கு மலிந்துள்ளது. முதிராத நுரையீரலோடு பிறந்து மூச்சுக்குத் திணறும் குழந்தைக்கு எந்தக் கோள் மூச்சுக் கொடுக்கும்? கரு முதிர்ந்த வேளையே நல்ல வேளை.

கொள்ளத்தக்கன

தாய்மாரே! நினைவில் கொள்ளவேண்டியவை சில.

குறித்த நாள் கடந்தால் பதறற்க. ஆனால் அன்றே மருத்துவரிடம் செல்க. 41 கிழமை நிறைவதற்குள் அடுத்து என்ன என்பதை அவரோடு கலந்து முடிவு செய்க. முன்பு அறுவை செய்துகொண்டவர், இரட்டைக் கரு உடையவர், குழந்தை தலைகீழாகத் திரும்பாதவர், நஞ்சுக்கொடி கீழிறங்கியவர், குருதி அழுத்தம் மிக்கவர் ஆகியோர் வலி வருவிக்கும் எந்த மருந்தையும் வீட்டில் உட்கொள்ளற்க.

பனிக்குடம் உடைந்தால், அதிலும் நீர் பச்சையாகவோ கருமையாகவோ இருந்தால், உடனே புறப்படுக. குழந்தை உள்ளே மலம் கழித்ததன் அடையாளம் அது. குருதி போனால் புறப்படுக. குழந்தையின் அசைவு வழக்கத்தினும் குறைந்தால், ஓரிரவும் பொறாது புறப்படுக. கடுந்தலைவலி, கண்மங்கல், முகவீக்கம், வலிப்பு, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் புறப்படுக. 108 என்னும் எண்ணை அழைத்தால் ஊர்தி வரும். வீட்டில் ஏதேனும் மருந்து உட்கொண்டிருந்தால் அதனை மருத்துவரிடம் மறையாது சொல்க. மருத்துவரும் அதற்காக அவளைச் சினந்து பேசற்க. சினந்தால் அடுத்தவள் மறைப்பாள். மறைத்தால் மருந்தின் மேல் மருந்து ஏறிக் கருப்பை பிளக்கும்.

சீரகக் குடிநீர் பருகுக. பேரீச்சை உண்க. காற்றோட்டமாக நடக்க. முதுகை இதமாகத் தடவிவிட ஒருவர் அருகிருக்கட்டும். வள்ளுவர் சொன்ன நான்காம் கூறு அதுவே. வலியுறும் நேரத்தில் பழகிய பெண்ணொருத்தி இடைவிடாது அருகிருந்தால் பேறு விரைவதும், அறுவை குறைவதும் ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளன. தமிழக அரசு மருத்துவமனைகளிலும் பேறுகாலத் துணையாளர்க்கு இடமுண்டு. அதனைக் கேட்டுப் பெறுக. தாயோ, அத்தையோ, அக்கையோ கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருப்பதற்கு ஈடான வீட்டு மருந்து வேறொன்றில்லை. அதற்கு அளவு மிகை என்பதில்லை, பின்விளைவு என்பதுமில்லை.

பாட்டியின் அறிவில் மணியும் உண்டு, உமியும் உண்டு. முறத்தைக் கையில் எடுப்பவரே பாட்டியின் மெய்யான பேத்தியர். புடைத்துப் பார்த்து மணியைக் கொள்க. உமியை ஊதி விடுக. தாயும் சேயும் நலமாக வீடு திரும்புதலே பேற்றின் பயன். அதற்குத் துணைசெய்யும் அறிவு எந்நாட்டில் பிறந்திருப்பினும் அது தமிழ்த் தாய்மார்க்கு உரியதே.

வாழ்க தாயர்! வளர்க அவர்தம் சேயர்!